டோட்டல் ஸ்டேஷன் தெரிந்தவர் சிவில் 3டி கற்கும் வழி

கேள்வி: டிப்ளமோ சிவில் முடித்துவிட்டு, திண்டுக்கல் மாவட்டத்தில் சாலைப் பணி செய்யும் ஒப்பந்ததாரர் ஒருவரிடம் நான்கு ஆண்டுகளாக சர்வேயராக வேலை பார்க்கிறேன். தூரமும் கோணமும் அளக்கும் டோட்டல் ஸ்டேஷன், மட்டம் பார்க்கும் ஆட்டோ லெவல், செயற்கைக்கோள் வழியாக இடத்தை அளக்கும் டி.ஜி.பி.எஸ். மூன்றையும் கையாளத் தெரியும். ஆட்டோகேடில் வரைபடமும் போடுவேன். சாலை, நில வடிவமைப்புக்கான சிவில் 3டி மென்பொருளைக் கற்றுக்கொண்டால் டிசைன் பக்கம் போகலாம் என்கிறார்கள். மதுரையில் ஒரு பயிற்சி நிலையம் 45 நாள் வகுப்புக்கு 25,000 ரூபாய் கேட்கிறது. சேரலாமா? நண்பரின் கணினியில் நானே முயன்று பார்த்தபோது, மண் எடுத்த குளத்தின் கான்டூர் (சம உயரக் கோடுகள்) ஓரிடத்தில் சிலந்தி வலைபோலக் குவிந்தது. அந்த இடத்தை எல்லைக்கு வெளியே தள்ளிவிட்டேன். குளத்துக் கரை இரண்டு இடங்களில் உடைந்தது போலத் தெரிந்தது. மண் அளவும் ஆலோசகர் நிறுவனம் சொன்னதைவிடக் கூடுதலாக வந்தது. தவறு எங்கே?

பதில்: வணக்கம். உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் வகுப்பில் சேரலாமா என்பதற்கான விடையில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் எழுதியிருக்கும் மூன்று கோளாறுகளில் முதல் இரண்டும் கட்டளைகள் தெரியாததால் வந்தவை அல்ல. தளத்தில் எடுத்த புள்ளிகளை மென்பொருள் எப்படிப் படிக்கிறது என்பது தெரியாததால் வந்தவை. மூன்றாவது பெரும்பாலும் அவற்றின் விளைவுதான். கட்டளைகளைப் பட்டியலாகக் கற்பிக்கும் வகுப்புகள் பல இருக்கின்றன. புள்ளிகளைப் பற்றிப் பேசும் வகுப்புகள் குறைவு.

சிலந்தி வலையை முதலில் எடுத்துக்கொள்வோம். உயரம் சரியாகப் பதிவாகாமல் 0 என்று விழுந்த புள்ளி ஒன்று கோப்பில் இருந்தால் மென்பொருள் அதை அப்படியே எடுத்துக்கொள்ளும். சுற்றியுள்ள தரையெல்லாம் 280 மீட்டர் மட்டத்தில் இருக்க, நடுவில் ஒரே ஒரு புள்ளி கடல் மட்டத்துக்கு இறங்கினால், 280 மீட்டர் ஆழக் கிணறு ஒன்று அங்கே உருவாகி அதன் சுவரில் அத்தனை கான்டூரும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். அக்கம்பக்கப் புள்ளிகள் 10 மீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொண்டால், அந்தக் கூம்பின் கன அளவு மட்டுமே ஏறத்தாழ 29,000 கன மீட்டர் வரும். நீங்கள் அந்த இடத்தை எல்லைக்கு வெளியே தள்ளியதால் கணக்கு தப்பியது. ஆனால் அங்கே எடுத்த நல்ல புள்ளிகளையும் சேர்த்தே தள்ளிவிட்டீர்கள். செய்ய வேண்டியது வேறு. புள்ளிகளைக் கொண்டு மென்பொருள் கட்டும் தரைப்பரப்புக்கு சர்ஃபேஸ் என்று பெயர். அதன் அமைப்புகளில், குறிப்பிட்ட மட்டத்துக்குக் கீழுள்ள உயரங்களைச் சேர்க்காதே என்று சொல்லும் வசதி இருக்கிறது. அதில் 250 என்று கொடுத்துவிட்டு சர்ஃபேஸை மறுபடி கட்டச் சொல்லுங்கள். குற்றவாளிப் புள்ளி மட்டும் விலகிவிடும். பிறகு அது எந்தப் புள்ளி, ஏன் உயரமில்லாமல் வந்தது என்று தளப் புத்தகத்தில் தேடிப் பார்ப்பது அவசியம்.

இதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு தொல்லை, உயரம் சரியாக இருந்தும் சர்ஃபேஸில் சேரக்கூடாத புள்ளிகள். உங்கள் பக்கத்தில் கிணறுகள் அதிகம். கிணற்றின் நீர்மட்டத்தையோ அடிமட்டத்தையோ ஒரு விவரத்துக்காக எடுத்திருப்பீர்கள். மின்கம்பத்தின் உச்சியையும் மதகின் மேல்தளத்தையும்கூட எடுத்திருக்கலாம். எல்லாப் புள்ளிகளையும் மொத்தமாக சர்ஃபேஸுக்குள் கொட்டினால் அவையும் தரையாகிவிடும். இதற்காகவே சிவில் 3டியில் பாயின்ட் குரூப் இருக்கிறது. தரைப் புள்ளிகள் தனிக் குழு, தரையல்லாதவை தனிக் குழு என்று பிரித்து, முதல் குழுவை மட்டும் சர்ஃபேஸில் சேர்க்க வேண்டும். ஆனால் அந்தப் பிரிவு தானாக நடக்க வேண்டுமானால், தளத்தில் கருவியில் அடிக்கும் குறியீடு ஒரே மாதிரி இருக்க வேண்டும். காலையில் 'இ.பி.' என்றும் மாலையில் 'போஸ்ட்' என்றும் மறுநாள் வேறொன்றும் அடிப்பவர்களின் கோப்பை எந்த மென்பொருளாலும் பிரிக்க முடியாது. ஒரு பக்கத்துக்குள் அடங்கும் குறியீட்டுப் பட்டியல் ஒன்றை நீங்களே தயாரித்து, உங்களோடு பிரிசம் (டோட்டல் ஸ்டேஷன் குறிபார்க்கும் கண்ணாடி) பிடிப்பவர் உட்பட எல்லோரும் அதையே பின்பற்றச் செய்யுங்கள். எந்த வகுப்பிலும் சேராமல் நாளைக்கே தொடங்கக்கூடிய வேலை இது.

இனி உங்கள் குளத்துக் கரை. இதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனெனில் சிவில் 3டியின் உயிர்நாடியே இங்கேதான் இருக்கிறது. மென்பொருள் உங்கள் புள்ளிகளை முக்கோணங்களாக இணைக்கிறது. எந்த மூன்றை இணைப்பது என்பதை அது மேலிருந்து பார்க்கும் தளப்படத்தில் உள்ள நெருக்கத்தை வைத்தே முடிவு செய்கிறது, உயரத்தைப் பார்ப்பதில்லை. உங்கள் கரை 3 மீட்டர் உயரமும் அடியில் 15 மீட்டர் அகலமும் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். கரையின் தலைப்பில், அதாவது உச்சியில், 20 மீட்டருக்கு ஒரு புள்ளி எடுத்துக்கொண்டு நடக்கிறீர்கள். இடையில் உள்ளடியில் ஒரு புள்ளி, வெளியடியில் ஒரு புள்ளி. இப்போது இந்த நான்கு புள்ளிகளும் ஒரு சாய்சதுரம். இதை இரண்டு முக்கோணங்களாக வெட்ட இரண்டு வழிகள் உண்டு: தலைப்பிலிருந்து தலைப்புக்கு 20 மீட்டர்க் கோடு, அல்லது உள்ளடியிலிருந்து வெளியடிக்கு 15 மீட்டர்க் கோடு. மென்பொருள் குட்டையான 15 மீட்டர்க் கோட்டைத் தேர்ந்தெடுக்கும். அந்தக் கோடு தரைமட்டத்தில் கரையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகிறது. நீங்கள் பார்த்த உடைப்பு இதுதான்.

இதற்கு விலையும் உண்டு. தலைப்பின் அகலத்தைக் கணக்கில் கொள்ளாமல் எளிமையாகப் போட்டுப் பார்த்தால், சரியான இணைப்பில் அந்தச் சாய்சதுரத்துக்குள் இருக்கும் கரைமண் 300 கன மீட்டர். தவறான இணைப்பில் 150 கன மீட்டர். ஆக ஓர் உடைப்புக்கு 150 கன மீட்டர் மண் காணாமற்போகிறது. நம் ஊர்க் கணக்கில் 100 கன அடி ஒரு யூனிட் என்பதால் அது ஏறத்தாழ 53 யூனிட். இரண்டு உடைப்புக்கு நூறு யூனிட்டைத் தாண்டும். மண் எடுப்பதற்கு முந்தைய சர்ஃபேஸில் கரை முழுதாக இருந்து, எடுத்த பிறகான சர்ஃபேஸில் இப்படி ஓட்டையாக இருந்தால், யாரும் தொடாத கரைமண் வெட்டிய கணக்கில் ஏறிவிடும். உங்கள் அளவு கூடுதலாக வந்ததற்கு நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

மருந்து பிரேக்லைன். கரைத் தலைப்பின் இரு ஓரங்கள், உள்ளடி, வெளியடி ஆகிய நான்கையும் உயரத்தோடு கூடிய முப்பரிமாணக் கோடுகளாக இணைத்து, அவற்றை சர்ஃபேஸில் பிரேக்லைனாகச் சேர்த்தால், எந்த முக்கோணமும் அந்தக் கோடுகளைத் தாண்டிப் போகாது. சாலை ஓரம், வாய்க்கால் கரை, வரப்பு, கல் வெட்டிய குழியின் விளிம்பு என்று தரையின் சரிவு சட்டென மாறும் இடமெல்லாம் இதற்கு உரியது. ஆனால் கோடு இழுக்கப் புள்ளி வேண்டுமே! தலைப்பின் நடுவில் மட்டும் பிரிசத்தை நட்டுக்கொண்டு போனவரால் அலுவலகத்தில் உட்கார்ந்து ஓரத்தைக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் தளத்தில் வேலை பார்த்தவர்கள் இந்த மென்பொருளை விரைவாகக் கற்கிறார்கள் என்பது என் கருத்து. சரிவு எங்கே மாறுகிறது என்பதை உங்கள் கால் ஏற்கனவே அறியும். அதைக் கோடாக்கும் வழி மட்டும்தான் புதிது.

ஓரப் பகுதிகளில் நீளநீளமான முக்கோணங்கள் வந்து, அளக்காத பக்கத்து வயலையும் சர்ஃபேஸ் விழுங்கிவிடுவது இன்னொரு வழக்கமான கோளாறு. முக்கோணப் பக்கத்தின் அதிகபட்ச நீளத்துக்கு வரம்பு கொடுத்தோ, வெளி எல்லைக் கோடு சேர்த்தோ சரிசெய்துவிடலாம்.

கன அளவைப் பொறுத்தவரை, மென்பொருள் தரும் எண்ணை நம்புவதற்கு முன் விடை தெரிந்த கணக்கு ஒன்றை அதற்குக் கொடுத்துப் பாருங்கள். மேலே 20க்கு 20 மீட்டர், அடியில் 10க்கு 10 மீட்டர், ஆழம் 2.5 மீட்டர் உள்ள குழி ஒன்றை எட்டுப் புள்ளிகளால் கையாலேயே எழுதி உள்ளே கொடுங்கள். மேல் நான்கு மூலைகளால் சமதளமான ஒரு சர்ஃபேஸ், எட்டுப் புள்ளிகளால் குழி சர்ஃபேஸ், இரண்டுக்கும் இடையே கன அளவு சர்ஃபேஸ். விடை 583.33 கன மீட்டர் வரவேண்டும். இதையே மேற்பரப்பு 400, அடிப்பரப்பு 100, சராசரி 250 என்று எடுத்து ஆழத்தால் பெருக்கினால் 625 வரும். குழி ஒன்றுதான், ஆனால் கணக்கிடும் முறையால் மட்டுமே 7 சதவீத வேறுபாடு. ஒப்பந்தத்தில் எந்த முறையில் அளவு எடுக்கவேண்டும் என்று எழுதியிருக்கிறதோ அதையே பின்பற்றவேண்டும். குறுக்குவெட்டு எடுத்து இரு முனைப் பரப்புகளைச் சராசரி செய்யும் முறை இன்னும் பல பில்களில் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் ஆலோசகர் அந்த வழியில் போயிருந்து நீங்கள் சர்ஃபேஸ் வழியில் போயிருந்தால், இருவருமே சரியாகச் செய்திருந்தாலும் எண்கள் ஒத்துப்போகாது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் வேலை பார்க்கும் மாவட்டம் அப்படிப்பட்டது. உலகை 6 பாகை அகலக் கட்டங்களாகப் பிரிக்கும் யூ.டி.எம். ஆயத்தொலைவு முறையில், 43ஆம் கட்டத்துக்கும் 44ஆம் கட்டத்துக்கும் எல்லையான 78 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகை திண்டுக்கல் நகரை ஒட்டிக் கிழக்கே போகிறது. ஒட்டன்சத்திரமும் வத்தலக்குண்டும் 43இல். நத்தமும் மதுரையும் 44இல். திண்டுக்கல்லிலிருந்து நத்தம் வரை ஒரே திட்டமாக டி.ஜி.பி.எஸ். எடுத்து, இடையில் கருவி கட்டத்தை மாற்றிக்கொண்டால், சாலையின் இரு பாதிகளும் வரைபடத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் விலகிக் கிடக்கும். திட்டம் முழுவதற்கும் ஒரே கட்டம் என்று முதலிலேயே முடிவு செய்து, சிவில் 3டியின் வரைபட அமைப்பிலும் அதையே கொடுக்கவேண்டும்.

கட்டத்தைச் சரியாகக் கொடுத்தாலும் வேலை முடிந்துவிடாது. யூ.டி.எம். கட்டத்தின் நடுக்கோட்டில் அளவுகோல் 0.9996, ஓரத்துக்குப் போகப் போக அது ஒன்றைத் தாண்டும். உங்கள் பகுதி கட்டத்தின் கடைசி ஓரத்தில் இருப்பதால், தரையில் 1 கிலோமீட்டர் இருப்பது யூ.டி.எம். ஆயத்தொலைவுகளில் ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் கூடுதலாகத் தெரியும். டோட்டல் ஸ்டேஷன் தரையின் உண்மைத் தூரத்தைத் தருகிறது. ஒரு பாதி டி.ஜி.பி.எஸ்., ஒரு பாதி டோட்டல் ஸ்டேஷன் என்று கலந்து எடுத்துவிட்டு, டிராவர்ஸ் (புள்ளிக்குப் புள்ளி தொடர்ந்து போகும் அளவை) அடைபடவில்லை என்று கருவியைத் திட்டுபவர்கள் இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. சென்னையில் இதே விளைவு எதிர்த்திசையில், கிலோமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். வழக்கமான தீர்வு, இரண்டு கட்டுப்பாட்டுப் புள்ளிகளை டி.ஜி.பி.எஸ். மூலம் நிறுவிவிட்டு, அங்கிருந்து தரைத் தூரத்திலேயே டிராவர்ஸ் ஓட்டுவது. அல்லது திட்டத்துக்கென அளவுத் திருத்தம் ஒன்றை நிர்ணயித்து எல்லாரும் அதையே பயன்படுத்துவது. இரண்டில் எது என்பதைத் திட்டத்தின் முதல் நாளிலேயே எழுதி வைக்கவேண்டும்.

உயரத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது. டி.ஜி.பி.எஸ். நேரடியாகத் தருவது, பூமிக்கான கணித வடிவமான டபிள்யூ.ஜி.எஸ். 84 நீள்கோளத்துக்கு மேலான உயரம். தென்னிந்தியப் பக்கம் சராசரிக் கடல் மட்டம் அந்த நீள்கோளத்துக்கு மிகவும் கீழே இருக்கிறது. தமிழ்நாட்டில் இந்த வித்தியாசம் ஏறக்குறைய 90 மீட்டர். சென்னைக் கடற்கரையில் ரோவரை (டி.ஜி.பி.எஸ்.ஸின் நகரும் கருவியை) வைத்தால் உயரம் மைனஸ் குறியோடு வருவது இதனால்தான். இந்த வித்தியாசத்தை இடத்துக்கு இடம் சொல்லும் ஜியாய்டு மாதிரியைக் கொடுத்தால் பெரும்பகுதி சரியாகும் என்றாலும், சாலைக்கும் வாய்க்காலுக்கும் அது போதாது. அருகிலுள்ள பெஞ்ச்மார்க்கிலிருந்து (உயரம் உறுதி செய்யப்பட்ட புள்ளியிலிருந்து) ஆட்டோ லெவலில் தற்காலிக பெஞ்ச்மார்க்குக்கு மட்டம் கொண்டுவந்து, அந்த மட்டத்தையே எல்லாப் புள்ளிகளுக்கும் அடிப்படையாகக் கொள்ளுங்கள்.

கோப்பை உள்ளே எடுக்கும்போது நிரல் வரிசையைக் கவனிக்கவேண்டும். புள்ளி எண், நார்திங் (வடக்குத் தூரம்), ஈஸ்டிங் (கிழக்குத் தூரம்), உயரம், விவரம் என்ற வரிசையும், ஈஸ்டிங் முதலில் வரும் வரிசையும் இரண்டுமே புழக்கத்தில் உள்ளன. மாற்றிக் கொடுத்தால் வரைபடம் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பிவிடும். உங்கள் பகுதியில் நார்திங் 7 இலக்கமும் ஈஸ்டிங் 6 இலக்கமும் இருப்பதால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். திருநெல்வேலி, கன்னியாகுமரி பக்கம் வேலைக்குப் போனால் இரண்டுமே 6 இலக்கம்தான், கண் ஏமாறும். புதிய வரைபடத்தை மெட்ரிக் டெம்ப்ளேட்டிலேயே தொடங்கவேண்டும் என்பதையும் இத்துடன் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் கையில் எடுத்துக்கொண்ட பிறகே சாலை வடிவமைப்புக்குப் போகச் சொல்வேன். அலைன்மென்ட் (சாலையின் நடுக்கோடு), புரொஃபைல் (அதன் நெடுக்குவெட்டு), அசெம்பிளி (குறுக்குவெட்டு வடிவம்), காரிடார் (இவை சேர்ந்த முப்பரிமாணச் சாலை) என்ற வரிசை எல்லா வகுப்புகளிலும் ஒன்றுதான். திரையில் பார்க்கக் கவர்ச்சியாகவும் இருக்கும். ஆனால் வளைவின் ஆரத்தையும் சரிவையும் மென்பொருள் முடிவு செய்யாது. நீங்கள் கொடுத்ததை வரையும், அவ்வளவுதான். இந்தியச் சாலைக் காங்கிரஸ் (ஐ.ஆர்.சி.) வெளியிட்ட, ஊர்ப்புறச் சாலைகளின் வடிவியலுக்கான ஐ.ஆர்.சி. 73ஐயும், திட்ட அறிக்கை தயாரிப்புக்கும் அதற்கான ஆய்வுப் பணிகளுக்குமான ஐ.ஆர்.சி. எஸ்.பி. 19ஐயும் மேசையில் வைத்துக்கொண்டு படியுங்கள். இந்தியாவுக்கான கன்ட்ரி கிட் என்ற இலவச இணைப்பையும் நிறுவிக்கொண்டால், இங்குள்ள வழக்கத்துக்கு நெருக்கமான பாணிகளும் வடிவமைப்பு அளவுகோல்களும் கிடைக்கும்.

வேறு மென்பொருள் கற்கலாமா என்ற ஐயம் உங்களுக்கு வரக்கூடும். தேசிய நெடுஞ்சாலைத் திட்டங்களைச் செய்யும் ஆலோசகர் நிறுவனங்கள் பலவற்றில் நீண்ட காலம் எம்.எக்ஸ். ரோடு இருந்தது, இப்போது அதே பென்ட்லி நிறுவனத்தின் ஓப்பன்ரோட்ஸ் டிசைனர் இருக்கிறது. ஆட்டோகேட் தெரிந்த உங்களுக்கு சிவில் 3டி பழகிய வீடு என்பதால் அதிலேயே தொடங்குங்கள். முக்கோண வலையும் பிரேக்லைனும் இரண்டிலும் ஒரே தத்துவம்தான்.

இனி பணம். நீங்கள் மாணவர் அல்ல என்பதால் ஆட்டோடெஸ்க் மாணவர்களுக்குத் தரும் இலவச உரிமம் உங்களுக்குப் பொருந்தாது. சில நாள்களுக்கான சோதனைப் பதிப்பு பொருந்தும். அதைப் பொறுப்பில்லாமல் தொடங்கிவிட்டுப் பாதி நாள்களைத் தொலைப்பவர்களே அதிகம். முதலில் உங்கள் குளத்தின் புள்ளிக் கோப்பு, சுமார் 2 கிலோமீட்டர் சாலை ஒன்றின் அளவைக் கோப்பு, குறியீட்டுப் பட்டியல் ஆகியவற்றைத் தயார் செய்துகொள்ளுங்கள். முற்றிலும் இலவசமான க்யூஜிஸ் என்ற வரைபட மென்பொருளில் அந்தப் புள்ளிகளை ஏற்றி, முக்கோண வலையும் கான்டூரும் எடுத்துப் பழகுங்கள். இதற்குக் காலக்கெடு எதுவுமில்லை. அதன் பிறகு சோதனைப் பதிப்பைத் தொடங்கினால் அத்தனை நாளும் உருப்படியாகக் கழியும். விண்டோஸ் கணினியும் 16 ஜி.பி. நினைவகமும் தேவை, 8 ஜி.பி.யில் காரிடார் கட்டும்போது நீங்கள் டீ குடித்துவிட்டு வரலாம். திருட்டுப் பதிப்பை நிறுவித் தருகிறேன் என்பவர்களை நம்பவேண்டாம். அதில் செய்த வேலையை நிறுவனத்தின் பெயரில் கொடுத்தால் மாட்டிக்கொள்வது உங்கள் முதலாளிதான்.

வகுப்பில் சேரலாமா என்றால், இத்தனைக்கும் பிறகு தேவைப்பட்டால் சேரலாம். பணம் கட்டுவதற்கு முன் அந்த நிலையத்துக்கு நேரில் போய், உங்கள் குளத்தின் மூலக் கோப்பைக் கொடுத்து, சர்ஃபேஸ் கட்டிக் காட்டச் சொல்லுங்கள். பயிற்றுநர் கோப்பைத் திறந்ததும் குறியீடுகளைப் பார்க்கிறாரா, 0 உயரப் புள்ளியைக் கண்டுபிடிக்கிறாரா, கரையில் பிரேக்லைன் வேண்டும் என்கிறாரா என்று கவனியுங்கள். மூன்றும் நடந்தால் 25,000 ரூபாய் தகும். 'அதெல்லாம் வேண்டாம், எங்களிடம் பயிற்சிக்கென்றே தயாரான கோப்பு இருக்கிறது' என்று பதில் வந்தால் திரும்பிவிடுங்கள். தயாரான கோப்பில் எந்தக் கோளாறும் இருக்காது. கோளாறு இல்லாத கோப்பை உங்கள் வேலையில் ஒருநாளும் பார்க்கமாட்டீர்கள். முடிவில் தரும் சான்றிதழுக்கு நான் பெரிய மதிப்புக் கொடுப்பதில்லை. சான்று வேண்டுமென்றால் ஆட்டோடெஸ்க் நடத்தும் தொழில்முறைத் தேர்வு இருக்கிறது. அதைப் பிறகு எழுதலாம். நேர்காணலில், தளப் புள்ளியிலிருந்து கன அளவுவரை நீங்களே செய்த ஒரு திட்டத்தைத் திறந்து காட்டுவது அதைவிடப் பலமானது.

ஆலோசகரோடுள்ள அளவு வேறுபாட்டை இப்போதே தீர்க்கவேண்டியிருந்தால், வாதம் செய்வதற்கு முன் அவர்களுடைய சர்ஃபேஸை லேண்ட் எக்ஸ்.எம்.எல். கோப்பாகக் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான வடிவமைப்பு மென்பொருள்களிலிருந்து இந்த வடிவில் தர முடியும். அதை உங்கள் வரைபடத்தில் ஏற்றி, உங்கள் சர்ஃபேஸுக்கும் அதற்கும் இடையே ஒரு கன அளவு சர்ஃபேஸ் போட்டு, உயர வேறுபாட்டுக்கு ஏற்ப நிறம் கொடுங்கள். வேறுபாடு குளம் முழுக்கச் சீராகப் பரவியிருந்தால் பெஞ்ச்மார்க் மட்டத்தில் பிழை. கரையோரம் திட்டுத்திட்டாக இருந்தால் பிரேக்லைன். எல்லை ஓரத்தில் மட்டும் இருந்தால் நீங்கள் வெளியே தள்ளிய அந்தப் பகுதி. எங்குமே நிறம் விழாமல் கன அளவு மட்டும் மாறுபட்டால், அவர்கள் எந்த முறையில் கணக்கிட்டார்கள் என்று கேளுங்கள்.